அச்சு அசல்

எட்டாயிரம் டாலர் கொடுத்து ஒரு மறுபதிப்புக் கிதார் வாங்கலாமா என்று என்னிடம் கேட்பவர்களில் பாதிப் பேர் பல் மருத்துவர்கள். மீதிப் பேர் வக்கீல்கள். பாட்டுக்கு வாசித்துப் பிழைப்பவன் ஒருவன்கூட இதுவரை கேட்டதில்லை. அவன் கையில் எட்டாயிரம் டாலர் இருந்தால் முதலில் வண்டிக்கு டயர் மாற்றுவான்.

நீங்கள் கிதார் வாசிப்பதில்லை என்று சொன்னீர்கள். அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். ஐம்பதுகளில் செய்த மின்சாரக் கிதார் ஒன்றை வாங்க இன்று வீட்டை விற்க வேண்டும். ஆகவே அதே மரம், அதே அளவு, அதே நிறம் என்று இப்போது புதிதாகச் செய்து விற்கிறார்கள். அதுதான் மறுபதிப்பு. அறுபது வருடம் எவனோ ஒருவன் மதுக்கடை மதுக்கடையாக வாசித்துத் தேய்த்த தேய்மானத்தையும் சேர்த்துக் கொடுத்தால் விலை இன்னும் இரண்டாயிரம் ஏறும். அந்தத் தேய்மானத்தைச் செய்து கொடுப்பவன் நான். கேலட்டின் சாலையில் பத்தொன்பது வருடமாகப் பட்டறை வைத்திருக்கிறேன். புத்தம்புதுக் கிதாரைச் சாவிக்கொத்தால் அடிப்பேன். குளிர்பெட்டியில் வைத்து எடுத்துப் பூச்சை வெடிக்க விடுவேன். பெல்ட் கொக்கியால் முதுகைக் கீறுவேன். பிறந்ததிலிருந்து சிகரெட்டைத் தொடாத மனிதருக்குச் சிகரெட் சுட்ட தழும்பு வைத்துக் கொடுத்திருக்கிறேன். அவர் அதைத் தடவிப் பார்த்துக் கண்கலங்கினார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

கொடுத்த காசுக்குத் தகுமா என்றால், தகும். நல்ல கைவேலையாக இருந்தால் பழையதற்கும் புதியதற்கும் வித்தியாசம் கிடையாது. கண்ணை மூடிக் கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. ஒரே ஒருவர் சொன்னார். அவருக்குப் புத்தி சரியில்லை என்று டாக்டர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார். அந்தக் காகிதம் உங்கள் கோப்பிலேயே இருக்கும்.

வெர்லன் சைப்ஸை நீங்கள் புகைப்படத்தில்தான் பார்த்திருப்பீர்கள். ஒல்லியான ஆள். சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டிருப்பார். ஐம்பது வருடம் நாஷ்வில் ஸ்டுடியோக்களில் மணிக்கூலிக்கு வாசித்தவர். உங்கள் அம்மா சமையலறையில் நின்று கேட்டு அழுத பாட்டு ஏதாவது ஒன்றில் அவர் வாசிப்பு நிச்சயம் இருக்கும். இசைத்தட்டின் உறையில் பெயர் இருக்காது. அவரிடம் 1957-இல் செய்த கிதார் ஒன்று இருந்தது. அறுபத்தொன்றில் அடகுக்கடையிலிருந்து வாங்கியது. அவர் மனைவி ஒனைடா தன் தையல் மெஷினை அதே கடையில் அடகு வைத்துவிட்டு அதை எடுத்துக் கொடுத்தாளாம். பிறகு ஏதோ ஒரு சண்டையில் வாயிலிருந்த சிகரெட்டை அதன் தலைப்பகுதியில் அழுத்தி அணைத்தாளாம். நான் அவரோடு பழகும்போது ஒனைடா இறந்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது. வாசிக்க உட்கார்ந்தால் அந்தத் தழும்பைக் கட்டைவிரலால் ஒருமுறை தொட்டுவிட்டுத்தான் ஆரம்பிப்பார். அப்படி ஒரு தழும்புக்கு என் பட்டறையில் நூற்றைம்பது டாலர் வாங்குவேன்.

செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை மதியம் பட்டறையில் விருந்து வைத்தேன். பின்கட்டில் பன்றி இறைச்சி புகைந்துகொண்டிருந்தது. நாற்பது பேர் இருப்பார்கள். யாரோ ஒருவர், பல் மருத்துவராகத்தான் இருக்க வேண்டும், வெர்லனைச் சுவரைப் பார்த்து உட்காரவைத்து ஒரு சோதனை நடத்தலாம் என்றார். ஐந்து கிதார்கள். மூன்று பழசு, இரண்டு நான் செய்தவை. ஒருவர் வாசிக்க வேண்டும், எது எதுவென்று வெர்லன் சொல்ல வேண்டும்.

ஐந்தையும் சரியாகச் சொன்னார். முழுப் பாட்டும் தேவைப்படவில்லை, இரண்டு மூன்று மீட்டலிலேயே சொல்லிவிட்டார். என்னுடைய ஆகச் சிறந்த வேலை கடைசியாக வந்தது. அதற்கு ஒரே மீட்டல்தான்.

"இது புதுசு," என்றார். "ஆனா நல்லா செஞ்சிருக்கு. எங்க வீட்டுச் சாப்பாட்டு மேசையும் நல்லா செஞ்சதுதான். அது பாடும்னு நான் எதிர்பாக்கறதில்ல."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு அவர் என் தோளில் கைபோட்டுத் தனியாக அழைத்துப்போய்ச் சொன்னார்: "மனசுல வெச்சுக்காதப்பா ஆரின். உனக்கு ஆண்டவன் நல்ல கை குடுத்திருக்கான். காதுதான் குடுக்கல. எல்லாத்தையும் ஒருத்தனுக்கே குடுத்துடுவானா?"

எனக்குக் கோபம் வரவில்லை. இதைத் தெளிவாகக் குறித்துக்கொள்ளுங்கள். வயதானவர்கள் எதையாவது சொல்வார்கள். ஒரு மனிதர் தவறாக ஒன்றை நம்பிக்கொண்டிருந்தால் திருத்துவது நண்பனின் கடமை. நான் அன்றைக்கே மரம் தேட ஆரம்பித்தேன்.

ஜனவரியில் அவர் கிதாரைக் கொண்டுவந்தார். விரல் அழுத்தும் உலோகக் கட்டைகள் தேய்ந்துபோயிருந்தன, மாற்ற வேண்டும். மூன்று வாரம் ஆகும் என்றேன்.

"மூணு வாரமா? அதுவரைக்கும் நான் எதடா வாசிக்கறது?"

"உங்க சாப்பாட்டு மேசைய வாசிங்க ஐயா."

இருமல் வரும்வரை சிரித்தார். நகைச்சுவை தெரிந்த மனிதர். அதில் நான் குறை சொல்ல மாட்டேன்.

அந்த மூன்று வாரம் போல் நான் என்றைக்கும் வேலை செய்ததில்லை. அவர் கிதாரின் அளவெல்லாம் ஏற்கெனவே என்னிடம் இருந்தது. உடலும் கழுத்தும் தயாராகக் காத்திருந்தன. கீறல்களை ஒவ்வொன்றாக எண்ணினேன். முந்நூற்றுப் பன்னிரண்டு. ஒலி வாங்கும் காந்தச் சுருள்களை நானே சுற்றினேன். வரிசை எண் பொறித்த தகடு, குமிழ்கள், திருகாணிகள் எல்லாவற்றையும் அசலிலிருந்து கழற்றி என்னுடையதில் பொருத்தினேன். ஒனைடாவின் தழும்புக்காக அவள் புகைத்த அதே சிகரெட்டைத் தேடி வாங்கி, ஒரு பெட்டி முழுக்கக் கழிவுக் கட்டையில் பயிற்சி செய்துவிட்டு, கடைசியில் வைத்தேன். கழுத்தைப் பூட்டுவதற்கு முன் உள்ளே பென்சிலால் என் பெயரையும் தேதியையும் எழுதினேன். தான் செய்த பொருளில் பெயர் எழுதாத தச்சன் உண்டா?

என் திட்டம் எளிமையானது. அவர் ஒரு மாதம் அதை வாசிக்கட்டும். அடுத்த விருந்தில், நாற்பது பேர் முன்னால், உண்மையைச் சொல்லி அசலைக் கையில் கொடுத்துவிடுவேன். எல்லோரும் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். அவ்வளவுதான். அவர் ஒரு மாதம் ஏமாந்திருந்தால் போதும், இன்று நீங்களும் நானும் இந்த அறையில் உட்கார்ந்திருக்க மாட்டோம். அவர் ஏமாறவில்லை. அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

கிதாரைக் கொடுத்தனுப்பிய மறுநாள் காலை எட்டு மணிக்குப் பட்டறை வாசலில் பெட்டியோடு நின்றிருந்தார். சவரம் செய்திருக்கவில்லை.

"தம்பி, இது என்னோடது இல்ல."

"புதுக் கட்டை போட்டிருக்கேன்ல ஐயா. கை பழக ரெண்டு வாரம் ஆகும்."

"கட்டை இல்லப்பா. கட்டை நல்லாத்தான் இருக்கு." பெட்டியைத் திறந்து தழும்பைக் காட்டினார். "இதப் பாரு. ஒனைடா கோபத்துல வெச்சா. கோணலா, ஒரு இழுப்போட இருக்கும். இது யாரோ மூச்ச அடக்கிக்கிட்டுப் பொறுமையா வெச்சது."

நியாயமான விமர்சனம். மனதில் குறித்துக்கொண்டேன். அன்றிலிருந்து தழும்பு வைக்கும்போது மணிக்கட்டைக் கொஞ்சம் திருப்புகிறேன். வாடிக்கையாளர்கள் பாராட்டுகிறார்கள்.

அவரிடமோ, "ஐயா, தூங்கினீங்களா ராத்திரி?" என்று கேட்டேன். அக்கறையாகத்தான் கேட்டேன். உள்ளே உட்காரவைத்துக் காபி கொடுத்து, தகட்டிலிருந்த எண்ணையும் அவருடைய பழைய ரசீதையும் அருகருகே வைத்துக் காட்டினேன். எண்ணைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி எண்ணைப் பார்த்தார். ஒரு மனிதர் தன் காதை முதன்முதலாகச் சந்தேகிக்கும் முகத்தை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் பார்த்தேன். சொல்லியிருக்கலாம். ஆனால் அப்போது சொன்னால் அவர் ஜெயித்ததாக ஆகிவிடும்.

இரண்டு வாரத்தில் போலீசுக்குப் போனார். உங்கள் நிலையத்திலிருந்துதான் ஓர் இளைஞர் வந்தார். மரியாதையான பையன். கிதாரின் பழைய புகைப்படங்களைக் காட்டினேன். கீறலுக்குக் கீறல் ஒத்துப்போனது. வெர்லனின் மகள் டாம்ரா, அப்பாவின் மனம் ஆறட்டும் என்று, மதிப்பீட்டாளர் ஒருவரை வரவழைத்தாள். அவர் பூதக்கண்ணாடியோடு இரண்டு மணிநேரம் பார்த்துவிட்டு, "இவ்வளவு யோக்கியமான பழசை நான் இந்த வருஷம் பார்க்கலை" என்று எழுதிக் கொடுத்தார். கழுத்தைக் கழற்றிப் பார்க்கவில்லை. அவ்வளவு விலையுள்ள பொருளைப் பிரிப்பது நாகரிகம் இல்லையாம். என் வேலைக்குக் கிடைத்த பாராட்டுகளில் அதற்கு மேல் ஒன்றில்லை. நகல் எடுத்து வைத்திருக்கிறேன்.

டாம்ரா நல்ல பெண். ஃபிராங்க்ளினில் பள்ளிக்கூடத்தில் வேலை, இரண்டு பிள்ளைகள், விவாகரத்து ஆனவள். அவள்தான் என்னிடம் வந்து கேட்டாள்.

"ஆரின், நீங்க அப்பாவ ரொம்ப நாளாப் பாக்கறீங்க. உண்மையச் சொல்லுங்க. அவருக்கு ஏதாவது ஆயிட்டிருக்கா? மூணு வேளையும் இதே பேச்சு. என் கிதார மாத்திட்டாங்க, அதே மாதிரி வேற வெச்சுட்டாங்கன்னு."

"வயசாகுதும்மா," என்றேன். "எங்க சித்தப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சது."

எனக்குச் சித்தப்பா கிடையாது. பேச்சுக்குச் சொன்னேன்.

டாக்டரிடம் கூட்டிப்போனாள். தெரிந்த மனிதரையோ பொருளையோ எடுத்துவிட்டு அச்சு அசலாக அதே மாதிரி ஒரு போலியை வைத்துவிட்டார்கள் என்று நம்புவது ஒரு நோயாம். அதற்கு ஒரு பெயரே இருக்கிறதாம். மருத்துவம் எவ்வளவு முன்னேறிவிட்டது பாருங்கள். மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரையில் கை நடுங்கியது. கை நடுங்குவதைப் பார்த்து நோய் முற்றுகிறது என்று மாத்திரையைக் கூட்டினார்கள். கோடையில் கார் ஓட்டும் உரிமத்தை வாங்கிக்கொண்டார்கள். ஆகஸ்டில் ஹெண்டர்சன்வில்லில் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்தார்கள். மறதிக்காரர்களுக்கான தளம், வெளியே போக முடியாது, கதவில் எண் அழுத்த வேண்டும். அந்த எண்ணை எனக்கும் கொடுத்திருந்தார்கள்.

ஏனென்றால் ஒவ்வொரு ஞாயிறும் சர்ச் முடிந்து நான் போனேன். அவருடைய பழைய ஸ்டுடியோ நண்பர்களில் எத்தனை பேர் போனார்கள் என்று விசாரித்துப் பாருங்கள். வாழைப்பழ புட்டிங் வாங்கிப் போவேன். அவர் தொட மாட்டார். செவிலி சாப்பிடுவாள். நான் செய்த கிதார் அவர் அறை மூலையில் பெட்டிக்குள்ளேயே இருந்தது. ஒருமுறைகூட அவர் அதைத் திறக்கவில்லை. உண்மையைச் சொன்னால் அது எனக்குக் கொஞ்சம் வருத்தமாக இருந்தது.

நவம்பரில், நன்றி சொல்லும் நாளுக்கு முந்தின ஞாயிறு, அசலை எடுத்துக்கொண்டு போனேன்.

ஏன் என்று நீங்கள் மூன்றுமுறை கேட்டுவிட்டீர்கள். ஆராய்ச்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். டாம்ராவிடம் முன்கூட்டியே சொல்லியிருந்தேன்: இது போன மாதம் நான் செய்த மறுபதிப்பு, அப்பாவின் கிதாரைப் பார்த்துச் செய்தது, தகட்டைப் பாருங்கள், புது எண். அப்பாவுக்கு வித்தியாசம் தெரிகிறதா என்று பார்ப்போம், டாக்டருக்கு உதவும். அவள் தழும்பைப் பார்த்துவிட்டு, "அம்மா வெச்ச சூட்டக்கூட விடலையா நீங்க?" என்றாள்.

மதியச் சாப்பாடு முடிந்த நேரம். டாம்ராவும் செவிலியும் இருந்தார்கள். பொதுக்கூடத்தில் நான்கைந்து கிழவர்கள் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். வெர்லன் மடியில் கிதாரை வைத்தேன்.

அவர் உடனே வாசிக்கவில்லை. கட்டைவிரலைத் தழும்பில் வைத்து அப்படியே இருந்தார். பிறகு வாசித்தார். நீங்கள் கிதார் வாசிப்பதில்லை, அதனால் அதை விவரிப்பதில் பயனில்லை. கை நடுங்கவில்லை, அதை மட்டும் சொல்கிறேன். தொலைக்காட்சியை யாரோ நிறுத்தினார்கள்.

"எங்க போயிருந்த நீ?" என்று அவர் கேட்டார். கிதாரிடம். பிறகு மகளைப் பார்த்து, "டாம்ரா, இதாம்மா. இதான் என்னோடது. கெடச்சுடுச்சு பாரு" என்றார்.

"அப்பா, அது போன மாசம் செஞ்சதுப்பா." அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். "உங்களோடது உங்க ரூம் மூலைல இருக்குப்பா." வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனாள். செவிலி அவள் பின்னால் போனாள்.

அந்தக் கிழவர்களை விட்டால் நாங்கள் இருவர்தான் இருந்தோம். அவர் என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் குரலைத் தாழ்த்தி, கடன் கேட்பவர் மாதிரி கேட்டார்:

"ஆரின், இதை வெச்சுட்டுப் போப்பா. நீ செஞ்சதுன்னே சொல்றேன். யாரு கேட்டாலும் ஆரின் செஞ்ச மறுபதிப்பு, அருமையா இருக்குன்னு சொல்றேன். என் பொண்ணுகிட்டயும் சொல்றேன். எழுதி வேணும்னாலும் தரேன். வெச்சுட்டு மட்டும் போ."

பார்வையாளர் நேரம் மூன்று மணிக்கு முடிகிறது. இல்லத்தின் விதி, நான் போட்டதல்ல. அவர் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட வேண்டியிருந்தது. கிதாரைப் பெட்டியில் வைத்துக்கொண்டு வந்தேன். வாசலில் டாம்ரா, "புதுசத்தான் அசல்னு சொல்றாரு, அசலத் திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்கறாரு" என்று செவிலியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த வாரம் மாத்திரையை இரட்டிப்பாக்கினார்கள்.

அதன்பிறகு அவர் சரியாகச் சாப்பிடவில்லை. பேச்சும் குறைந்தது. பிப்ரவரியில் ஒரு புதன்கிழமை போய்விட்டார். சான்றிதழில் நிமோனியா என்று இருக்கிறது. சவப்பெட்டியைத் தூக்கியவர்களில் நானும் ஒருவன், முன்பக்கம், இடது கை. கனமே இல்லை.

அவர் அறையில் இருந்த கிதாரை டாம்ரா ஓர் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தாள். அங்கே சுத்தம் செய்யக் கழுத்தைக் கழற்றினார்கள். அந்த நாகரிகம் இல்லாதவர்கள்தான் உங்களை அழைத்தார்கள். நீங்கள் என் வீட்டுக்கு வந்து புகைப்படத்தை நீட்டி, "இது உங்க கையெழுத்தா?" என்று கேட்டீர்கள். நான் மறுத்திருக்கலாம். ஆனால் ஒன்றரை வருடமாக யாராவது அதைக் கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவன் நான். "ஆமாம், என்னுடையதுதான், முழுக்க முழுக்க நானே செய்தது" என்றேன். உங்களுக்குப் பின்னால் நின்றவர், "அற்புதமான வேலை" என்றார். நீங்கள் அவரை முறைத்தீர்கள்.

ஆகவே, எழுதிக்கொள்ளுங்கள். வெர்லன் சைப்ஸின் கிதாரை எடுத்தவன் நான். மாற்றி வைத்தவன் நான். அவர் சொன்னதெல்லாம் உண்மை என்று தெரிந்தே அவரைப் பைத்தியம் என்று நம்பவைத்தவனும் நான்தான். அவரைக் கொன்றதாக நீங்கள் சொல்வதை மட்டும் ஏற்க முடியாது. என் கிதாரால் யாரும் சாகவில்லை. அது அசலுக்கு எந்தவிதத்திலும் குறைந்ததல்ல. மதிப்பீட்டாளரின் கடிதம் இருக்கிறது.

நேற்று டாம்ரா என்னைப் பார்க்க வந்திருந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தாள். பிறகு தொலைபேசியை எடுத்து ஒன்றே ஒன்று கேட்டாள்.

"ரெண்டும் ஒண்ணுதான்னு சொல்றீங்கல்ல. அப்ப அன்னைக்கு அவரோடத அவர் மடியிலயே விட்டுட்டு, மூலைல இருந்தத எடுத்துட்டுப் போயிருக்கலாமே. உங்களுக்கு என்ன குறைஞ்சிருக்கும்?"

பாவம், துக்கத்தில் இருப்பவள். அவளுக்கு எப்படிப் புரியவைப்பது? நான் தனியாள். வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் தினமும் ஒருமணி நேரம் வாசிக்கிறவன். மூலையில் இருந்ததைக் கொண்டுவந்து நான் என்ன செய்ய? அது மறுபதிப்புதானே.